மாதம் இரண்டு கடிதம், நான்கு கார்டு

அன்னவாசல்
14-9-1953

அழகியின் அப்பாவுக்கு சொர்ணவல்லி எழுதிக்கொண்டது.

இது என் கையெழுத்து. எழுதத் தெரியாதவளுக்கு ஏது கையெழுத்து என்று நினைப்பீர்கள். பொன்னமராவதியில் மிட்வைஃப் பிச்சையம்மாள் சாயங்காலத்தில் பெண்களுக்கு நடத்தும் வகுப்பில் ஏழு மாதம் படித்தேன். முதலில் உங்கள் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போகக்கூடாது என்றார். அதற்குள் எழுத்தெல்லாம் வந்துவிட்டது.

ஆடிக் கடைசியில் உங்கள் வீட்டை விட்டு வந்துவிட்டேன். இப்போது அன்னவாசலில் என் தாய்மாமன் பெரியகருப்பன் வீட்டில், ஆத்தாவோடு இருக்கிறேன்.

வந்த காரணம் இது. ஒரு நாள் அண்ணன் கையில் ஒரு கடிதம் இருந்தது. அடியில் "இப்படிக்கு சொர்ணவல்லி" என்று போட்டிருந்தது. நான் அதை எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை. மேலே இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டார். "ஒனக்கு எதுக்குத்தா இந்தக் காயிதமெல்லாம், நான் பாத்துக்கிறேன்" என்றார். என் பெயரில் உங்களுக்கு என்ன போய்க்கொண்டிருக்கிறது?

இன்னொன்று. வைகாசியில் நடந்ததற்குப் பிறகு எனக்கென்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. "தம்பி எழுதியிருக்கான், மனசத் தேத்திக்கன்னு" என்று அண்ணன் வாசித்தார். அவ்வளவுதான். அது உங்கள் பேச்சு மாதிரியே இல்லை. நீங்களும் அவரும் சேர்ந்துகொண்டுதான் இதையெல்லாம் செய்கிறீர்களா?

பதிலை இந்த விலாசத்துக்கே போடவும். பொன்னமராவதிக்குப் போட்டால் எனக்கு வராது.

சொர்ணவல்லி

ஹிந்த் நகர், கொரியா
6-10-1953

சொர்ணவல்லி என்ற பெயரில் எனக்கு எழுதுகிறவருக்கு,

என் மனைவிக்கு எழுதத் தெரியாது. மூன்று வருஷமாக அவளுக்காக என் அண்ணன்தான் எழுதுகிறார். அதை மறைத்ததும் இல்லை. இப்போது திடீரென்று கோணல் எழுத்தில் ஒரு கடிதம் வந்து, அண்ணனை நம்பாதே என்கிறது. இதை எழுதியது யார்? சொல்லிக் கொடுத்தது யார்? வைகாசியில் நடந்தது என்று எதைச் சொல்கிறது?

நீ சொர்ணமாகவே இருந்தால் இதற்குப் பதில் எழுது. பொங்கல் லீவு முடிந்து நான் கிளம்பிய அன்று, பஸ் ஏறும்போது உன்னிடம் என்ன சொன்னேன்?

அண்ணன் கடிதமும் வந்திருக்கிறது. "தாயும் பிள்ளையும் இப்போது இந்த வீட்டில் இல்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறார். உன்னைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு ஆளோடு பார்த்ததாக ஊரில் பேச்சு என்றும் இருக்கிறது. யார் அந்த ஆள்? கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்தங்க இடம் தேடி அலைந்தாயா? குழந்தைக்கு மேல்வரிசைப் பல்லும் வந்ததா? பாலைத் தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறாளா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு தாய் கடிதம் எழுதுவாளா? அதிலேதான் எனக்குச் சந்தேகம்.

இங்கே எனக்கு நிம்மதி இல்லை. சண்டை நின்றுவிட்டது. ஆனால் இருபத்திரண்டாயிரம் கைதிகள், சீனாக்காரர்களும் வட கொரியாக்காரர்களும், ஊருக்குத் திரும்பமாட்டோம் என்கிறார்கள். அது அவர்கள் விருப்பமா, மிரட்டலா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவனும் பயமில்லாமல் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று ஐந்து தேசத்துக் குழு ஒன்றை வைத்து, எந்தப் பக்கமும் சேராத நம் பட்டாளத்தைக் காவலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நம்மை நம்பவில்லை. கைதிகள் எங்கள் மேல் கல் எறிகிறார்கள். திருப்பி அடிக்கக் கூடாது. ஜெனீவாவில் நாலு வருஷத்துக்கு முன் எல்லா தேசமும் சேர்ந்து எழுதின ஒப்பந்தத்தை எங்கள் கேப்டன் ஒவ்வொன்றாகச் சொல்லிப் புரிய வைத்தார். கைதியை அடிக்கக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது. நோயாளியானால் நம் ஆளுக்குச் செய்கிற வைத்தியத்தையே அவனுக்கும் செய்ய வேண்டும். கைதியானவன் தன் வீட்டுக்கு மாதம் இரண்டு கடிதமும் நான்கு கார்டுமாவது எழுத விட வேண்டும். நான் ஆஸ்பத்திரி ஆர்டர்லி என்பதால் இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்குள் நீ பொன்னமராவதி வீட்டுக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் வந்து அழைத்துப் போகும்படி அண்ணனுக்கு எழுதிவிட்டேன்.

நல்லதம்பி

அன்னவாசல்
27-10-1953

அழகியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை, வேண்டுமென்றே என்னைக் குத்துவதற்காக எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்து அடுப்பில் போடப் போனேன். மாமா பிடுங்கிப் படித்தார். "இந்தா, அவனுக்குத் தெரியாது போலருக்குத்தா" என்றார். அதற்கப்புறம் மறுபடி படித்தேன்.

கேட்டதற்கு முதலில் பதில். பஸ் ஏறும்போது நீங்கள் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அண்ணன் பக்கத்தில் நின்றார். குழந்தையின் காலை ஒரு தடவை பிடித்துவிட்டு ஏறிவிட்டீர்கள். நான் கடைசி வரை நின்றேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் என்னோடு இருந்த ஆள் என் மாமா.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அழகி இல்லை. வைகாசி மாதம் போய்விட்டாள். காய்ச்சல் வந்தது. முதல் நாள் வேப்பிலை அடித்தார்கள். இரண்டாம் நாள் பிச்சையம்மாள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வச்சிருக்காதீக, ஒடனே புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள். உங்கள் அண்ணன் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போன எந்தப் புள்ள திரும்பிருக்கு? ஒரு நா பொறு, எறங்கிரும்" என்றார். அவருடைய முதல் பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் போனது, உங்களுக்குத் தெரியும். அந்தப் பயம் அவருக்கு. மூன்றாம் நாள் விடியற்காலை பஸ்ஸில் ஏறினோம். திருமயம் தாண்டவில்லை. என் மடியில்தான். பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தெரியக்கூடாதென்று முந்தானையால் மூடிக்கொண்டு, கூட வந்த உங்கள் அண்ணனிடம்கூடச் சொல்லாமல், புதுக்கோட்டை வரை உட்கார்ந்திருந்தேன்.

"தம்பிக்கு நான் எழுதுறேன்" என்றார். எழுதினார் என்றுதான் நம்பினேன். உங்களிடமிருந்து ஏதாவது வரும் என்று ஒவ்வொரு நாளும் தபால்காரர் வருகிற நேரம் வாசலில் நின்றேன். வந்த கடிதங்களில் அவர் எதை வாசித்தார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளைக்காக ஒரு வரி அழாத மனுஷன் என்று ஐந்து மாதம் உங்களை வெறுத்தேன்.

உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாதா? இல்லை, தெரியாத மாதிரி எழுதுகிறீர்களா? எனக்கு இன்னமும் ஐயமாகத்தான் இருக்கிறது.

சொர்ணவல்லி

ஹிந்த் நகர்
19-11-1953

சொர்ணம்,

மூன்று நாளாக இதை எழுதுகிறேன். குளிரில் மை உறைந்துவிடுகிறது. பாட்டிலை அக்குளில் வைத்துச் சூடாக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பெட்டியில் இருந்த பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். உன் பெயரில் ஆனியில் வந்தது: "குழந்தைக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் வந்திருக்கிறது, என் விரலைக் கடிக்கிறாள்." ஆடியில் வந்தது: "சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தாள், அப்பா எங்கே என்றால் வாசலைக் காட்டுகிறாள்." இவற்றை நான் வார்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது உன் கடிதம், இறந்துவிட்டாள் என்கிறது. ஒரே பெயரில் இரண்டு கடிதம். பல் முளைத்ததை நம்பவா, உன்னை நம்பவா? எதை நம்ப விரும்புகிறேன் என்று உனக்கே தெரியும்.

கோபித்துக்கொள்ளாதே. கேப்டனிடம் சொல்லி, அவர் மூலமாகத் தாசில்தாருக்கு எழுதச் செய்திருக்கிறேன். இறப்புப் பதிவைப் பார்த்து நகல் அனுப்பச் சொல்லியிருக்கிறது. உன்னிடமும் ஆள் வந்து கேட்கலாம். அதுவரை அண்ணனுக்கு இதைப் பற்றி எழுதமாட்டேன்.

என் வார்டில் லியூ என்று ஒரு சீனாக்காரன். முப்பது வயது இருக்கும். வயிற்று வலி என்று வந்தான். அவன் கொட்டடியிலிருந்து துணைக்கென்று இன்னொருவனும் வந்து கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். மொழிபெயர்க்கிற துபாஷி லியூவிடம் "எங்கே வலிக்கிறது" என்று கேட்டால் துணைக்கு வந்தவன் பதில் சொல்கிறான். "ஊருக்குப் போகிறாயா" என்று கேட்டால், "இவன் போகமாட்டான்" என்று அவனே சொல்கிறான். லியூ கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கொட்டடிகளுக்குள் இப்படித்தான் நடக்கிறது. ஊருக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்ன ஒருவனைக் கூட இருந்தவர்களே கொன்றுவிட்டார்கள். எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

டாக்டர் சட்டத்தைச் சொல்லித் துணைக்கு வந்தவனை வெளியே அனுப்பினார். அதற்கப்புறமும் ஒரு நாள் முழுக்க லியூ பேசவில்லை. நான் ஊட்டின கஞ்சியை முதலில் என்னைக் குடித்துக் காட்டச் சொல்லிச் சைகை செய்தான். குடித்துக் காட்டினேன். சாயங்காலம் துபாஷியிடம் ஒன்றே ஒன்று சொன்னான்: "எனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாது."

அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் தாசில்தார் பதில் வரட்டும்.

நல்லதம்பி

அன்னவாசல்
12-12-1953

அழகியின் அப்பாவுக்கு,

உங்கள் ஆள் வந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கிராம முன்சீப்பையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "கொழந்த செத்தது வாஸ்தவமா?" என்று கேட்டார். வாஸ்தவம் என்றேன். "தேதி?" சொன்னேன். "கையெழுத்தா, கைநாட்டா?" கையெழுத்து என்றேன். பெற்றவளிடம் சாட்சி கேட்ட தகப்பன் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். போட்டுக் கொடுத்தேன்.

அதற்கு முன் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் உங்கள் அண்ணன் நான்கு பேரோடு வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "தம்பி எழுதிருக்கான். கெளம்பு" என்றார். மாமா வாசலை மறித்துக்கொண்டார். "அவ வாரேன்னு சொன்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க. வரலேன்னு சொன்னா கைய வைக்கக் கூடாது" என்றார். வந்தவர்களில் ஒருவன், "கட்டினவன் சொல்றப்ப இவகிட்ட என்னய்யா கேள்வி?" என்றான்.

நான் உள்ளே போய் ஐப்பசியில் வந்த உங்கள் கடிதத்தை எடுத்து வந்தேன். அவர்கள் அத்தனை பேர் முன்னாலும் உரக்க வாசித்தேன். "குழந்தைக்கு மேல்வரிசைப் பல்லும் வந்ததா? பாலைத் தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறாளா?" என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். வண்டியில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான்கு பேரும் அழகியைத் தூக்கிப் போனவர்கள்தான்.

உங்கள் அண்ணன் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படித்தா எழுதுவேன்? அங்கிட்டு எங்கயோ கெடக்கான். நான் அனுப்பிருந்தா புள்ள பொழச்சிருக்கும்னு எப்படித்தா எழுதுவேன்? ஒரு தடவ நல்லாருக்குன்னு எழுதிட்டேன். அடுத்த மாசம் என்னத்த எழுத? பல்லு மொளச்சிருச்சுன்னேன். அதுக்கப்பறம் நடக்க வச்சேன். எழுதுறப்ப எனக்கே அது உசுரோட இருக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார்.

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. செத்த பிள்ளைக்குப் பல் முளைக்க வைத்து, அதற்கு அடியில் என் பெயரைப் போட்டாரே என்றுதான் தோன்றியது. வெறும் வண்டியாகத் திரும்பிப் போனார்கள்.

இதையெல்லாம் அப்போதே எழுதியிருக்கலாம். உங்கள் பதில் எப்படி வருகிறது என்று பார்ப்போம் என்றுதான் இருந்தேன். வந்த பதிலில் தாசில்தார் இருந்தார்.

ஒன்று கேட்கிறேன். வேற்று தேசத்துக் கைதி மாதம் இரண்டு கடிதம், நான்கு கார்டு எழுதலாம் என்று எழுதினீர்கள். உங்கள் வீட்டில் மூன்று வருஷம் இருந்தேன். எனக்கு ஒரு கார்டு இருந்ததா? அந்த லியூவை, போகிறாயா என்று அவன் வாயால் கேட்க ஐந்து தேசம் கூடியிருக்கிறது. என்னை அழைத்து வர வண்டி அனுப்பினீர்களே, வருகிறாயா என்று என்னைக் கேட்டீர்களா?

சொர்ணவல்லி

ஹிந்த் நகர்
12-1-1954

சொர்ணம்,

நகல் வந்துவிட்டது. "பெண். வயது பதினோரு மாதம். காய்ச்சல்." மூன்று குறிப்பில் முடிந்துவிட்டது. அது வருவதற்கு முன்பே, மார்கழியில் வந்த உன் கடிதத்திலேயே நம்பிவிட்டேன் என்று எழுத ஆசைதான். பொய் எழுதக் கூடாது. நகலைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். சர்க்கார் முத்திரையை நம்பியவன் உன்னை நம்பவில்லை. இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

கேப்டன் இரண்டு நாள் எனக்கு வேலை கொடுக்கவில்லை. கூடாரத்தில் படுத்துக் கிடந்தேன். இங்கே யாருக்கும் குழந்தையைத் தெரியாது. ஆனால் அவளுடைய இரண்டு பல்லையும் எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் போய் எப்படிச் சொல்வேன்? அப்போது அண்ணன் பட்ட பாடு கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான்.

லியூவைப் பற்றி எழுதியிருந்தாய். கேட்பதற்கென்று ஒரு கூடாரம் அடித்திருக்கிறார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் ஐந்து தேசத்து ஆட்கள். எதிரே சீனாவிலிருந்து வந்த அதிகாரிகள் அவனுக்கு விளக்கிச் சொல்வார்கள். கூடாரத்துக்கு இரண்டு வழி. ஒன்றில் போனால் ஊர். மற்றதில் போனால் ஊர் இல்லை. யாரும் அவனைத் தொடக்கூடாது. மார்கழி முதல் வாரம் அவன் முறை வந்தது. நான் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நின்றேன். ஊர் வழியில்தான் போவான் என்று எனக்கு நிச்சயம்.

அதிகாரி நெடுநேரம் பேசினார். தேசம் உன்னை எதிர்பார்க்கிறது, நிலம் தருகிறோம், வீடு தருகிறோம் என்றாராம். லியூ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா?" என்றான். மக்கள் எல்லோரும் நலம் என்றார் அதிகாரி. மறுபடியும் அதையே கேட்டான். மறுபடியும் எல்லோரும் நலம் என்ற பதில்தான். லியூ எழுந்து, ஊர் இல்லாத வழியில் போய்விட்டான். என்னைத் தாண்டித்தான் போனான். முகத்தில் ஒன்றும் இல்லை.

அவன் செய்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உயிரோடு காத்துக்கொண்டிருந்தால்? ஆனால் நலம், நலம் என்று மட்டும் சொல்கிற வீட்டுக்குள் எவன் நம்பிக் காலை வைப்பான்? கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது என்ற சட்டத்தை இத்தனை நாள் காவல் காத்தேன். அன்றைக்குத்தான் அது எனக்குள் இறங்கியது.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். உன்னை யாரும் அழைக்க வரக்கூடாது. திட்டி எழுதவில்லை. எழுத வந்தது, கை ஓடவில்லை.

அடுத்த மாதம் எங்கள் கப்பல் மதராஸுக்கு வரும். நான் அன்னவாசலுக்கு வருகிறேன், தனியாக. ஒரே ஒரு தடவை உன்னிடம் கேட்பேன். வரமாட்டேன் என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். அழகியைப் புதைத்த இடத்தை மட்டும் காட்டு.

நல்லதம்பி

அன்னவாசல்
22-4-1954

அழகியின் அப்பாவுக்கு,

மாசி மாதம் நீங்கள் வந்து கேட்டீர்கள். வரமாட்டேன் என்றேன். உங்கள் முகம் சுருங்கியது. ஆனால் மறுபடி கேட்கவில்லை. பொன்னமராவதிச் சுடுகாட்டுக்குக் கூட்டிப் போய் இடத்தைக் காட்டினேன். அங்கே அரை நாள் உட்கார்ந்திருந்தீர்கள். நானும் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னபடி, பெங்களூரில் பட்டாள ஆஸ்பத்திரி வேலைக்கு பஸ் ஏறிவிட்டீர்கள்.

இதை உங்களிடம் சொல்லவில்லை: நீங்கள் போன பிறகு மூன்று நாள் கதவைத் தாழ்போட்டே வைத்திருந்தேன். ஆள் கூட்டிக்கொண்டு திரும்பி வருவீர்கள் என்று நினைத்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் மாமாவை எழுப்பினேன். "ஏத்தா, அவன் பெங்களூர் போயிச் சேந்துருப்பான், தூங்கு" என்பார். நான்காம் நாள் உங்கள் கடிதம் பெங்களூர் முத்திரையோடு வந்தது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாரும் பிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று வந்திருக்கின்றன. ஒன்றிலும் வா என்று நீங்கள் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் குடியிருக்க இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள் என்றும், தண்ணீர்க் குழாய் வாசலிலேயே இருக்கிறது என்றும் மட்டும் எழுதுகிறீர்கள். அதற்கு மேல் எழுத ஆசைப்பட்டு நிறுத்திய இடங்கள் எனக்குத் தெரிகின்றன. மை அங்கங்கே தடித்திருக்கிறது.

உங்கள் அண்ணன் மாதம் ஒரு முறை இங்கிட்டு வருகிறார். உள்ளே வருவதில்லை. "நல்லாருக்கியாத்தா?" என்று தெருவில் நின்றே கேட்டுவிட்டுப் போகிறார். நான் பதில் சொல்வதில்லை. அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். அதை நான் இன்னும் என்னையே கேட்கவில்லை.

நான் வருகிறேன். ஆத்தா போகச் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. பிச்சையம்மாள், "இன்னும் ஆறு மாசம் பாத்துட்டுப் போ" என்றுதான் சொன்னாள். நான் முடிவு பண்ணினேன். பொன்னமராவதி வீட்டுக்கு எப்போதும் வரமாட்டேன். எனக்கு வருகிற கடிதத்தை நான்தான் பிரிப்பேன். என் பெயரில் நான்தான் எழுதுவேன். அழகி பெயரைச் சொல்லி நான் அழுதால் தேற்ற வரக்கூடாது, கூட உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்களை முழுசாக நம்பிவிட்டேன் என்று எழுதமாட்டேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே நம்புகிறேன்.

திங்கட்கிழமை மாமா என்னைத் திருச்சியில் ரயில் ஏற்றிவிடுவார். அங்கிருந்து தனியாகத்தான் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்தால் சந்தோஷம். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன். வருகிற வழியைக் கேட்டு வைத்தது மாதிரியே திரும்பிப் போகிற வழியையும் கேட்டு வைத்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு கதவைத் திறங்கள்.

சொர்ணவல்லி